கல் கட்டிய புடலை

ஒட்டன்சத்திரம் பக்கத்துப் புடலைப் பந்தல் ஒன்றுக்குள் நேராக நடந்து போக முடியவில்லை. கல்தூண்களின் மேல் ஆறரை அடி உயரத்தில் கம்பி இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதில் படர்ந்த கொடியிலிருந்து முகத்தருகே, தோளருகே, முழங்காலருகே என எங்கும் காய் தொங்கியது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 ரகக் காய் 160 முதல் 180 சென்டிமீட்டர் வரை நீளும். ஆள் உயரக் காய்களை ஒதுக்கி ஒதுக்கித்தான் போக வேண்டும்.

பீர்க்கைக்கும் பாகலுக்கும் பந்தல் இருந்தால் போதும். நீளப் புடலை அப்படியில்லை. விட்டால் பாதி நீளத்திலேயே வளைந்து, கொடியையோ பக்கத்துக் காயையோ சுற்றிக்கொள்ளும். அதனால் பிஞ்சின் வால்நுனியில் கல் கட்டுகிறார்கள்.

அந்த வேலையில் இருந்த பெண்கள் முந்தானையில் கல்லை முடிந்து வைத்திருந்தார்கள். கோலிக்குண்டு அளவுக் கற்கள். ஒவ்வொன்றிலும் சாக்கிலிருந்து உருவிய சணல் இழை முன்பே கட்டப்பட்டிருந்தது. பிஞ்சு ஒரு சாண் வந்ததும் வாடிய பூ ஒட்டியிருக்கும் நுனிக்குச் சற்று மேலே முடிச்சுப் போடுகிறார்கள். அதற்கு முன் கட்டினால் காம்பு தாங்காது. நாள் தள்ளிப்போய் வளைவு முற்றிவிட்டால் கல்லுக்கு அது நிமிராது.

"முடிச்சு இறுகக் கூடாது தம்பி. காய் பருக்குறப்ப நூல் உள்ள பதிஞ்சிரும். அந்த எடம் அழுகிரும்" என்றார் மூத்தவர். நூலுக்கும் தோலுக்கும் நடுவே விரல்நுனி நுழைகிறதா என்று ஒவ்வொரு முடிச்சிலும் பார்த்துக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, கல் ஆடி நிற்கும் வரை காம்பையே கவனித்தார். காம்பு இழுபட்டால் அந்தக் கல்லை அவிழ்த்துச் சின்னதாக ஒன்று கட்டினார்.

சில பிஞ்சுகளுக்குக் கல் கட்டாமல் கிள்ளி வாளியில் போட்டார். "ஏங்க்கா, இதுவும் வளைஞ்சதுதானே?" என்று கேட்டேன். ஒன்றை எடுத்து உள்வளைவைக் காட்டினார். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின். பழ ஈ முட்டையிட்ட இடம். அந்தப் பக்கம் வளர்ச்சி நின்றுவிட, மறுபக்கம் மட்டும் வளர்வதால் காய் கோணுகிறது. கொடி தடுத்து வளைந்ததைக் கல் நிமிர்த்தும். ஈ குத்தி வளைந்ததற்குள் புழு இருக்கும். அவற்றைத் தோட்டத்திலேயே போட்டுவிட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும் என்பதால் ஆழக் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். ஈயைப் பிடிக்கப் பந்தலில் ஆங்காங்கே துளையிட்ட பைகளில் கருவாட்டுத் தூள் தொங்கியது.

வளைந்த காய்க்கு ருசி குறைவதில்லை. குறைவது விலைதான். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி பெருமளவு கேரளத்துக்குப் போகிறது. நேரான காயைக் கட்டாக அடுக்கி லாரியில் ஏற்றலாம். கோணல் காய் இடத்தை அடைப்பதோடு, வழியில் ஒடிந்தும் போகும். இதனாலேயே குட்டை ரகங்கள் பரவிவிட்டன. ஓரடி நீளக் காய் பைக்குள் அடங்கும். கல்லும் வேண்டாம், நூலும் வேண்டாம். இந்தத் தோட்டத்திலும் பாதிப் பந்தலில் குட்டைப் புடலைதான்.

தோட்டத்துக்காரர் தம் கணக்கு நோட்டைக் காட்டினார். தூண், கம்பி, விதை, உரம், மருந்து, வண்டி வாடகை என எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருந்தது. கல் கட்டுவதற்கு மட்டும் இல்லை. "அது களைக் கூலியிலயே வந்துருங்க" என்றார். காம்பின் தாங்குசக்தியும் ஈ குத்திய தடமும் தெரிந்த கைக்கும் புல் பறிக்கும் கைக்கும் இங்கே ஒரே கூலி.

குட்டை ரகம் முழுவதுமாக வந்துவிட்டால் உங்கள் வேலை போய்விடாதா என்று அந்த அக்காவிடம் கேட்டேன்.

"கல்லுக் கட்டுறதுதான் போகும். நாள் முழுக்க அண்ணாந்து பாத்து கழுத்து வலிக்குது, போகட்டும். ஈ குட்டைக் காயவும்தான் குத்துது. அதைப் பாத்துக் கிள்ள ஆளு வேணுமில்ல?"

சொல்லிக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். கல் கட்டும் கைக்குத் தனிக்கூலி கிடைத்ததில்லை. ஈத்தடம் பார்க்கும் கண்ணுக்காவது நோட்டில் ஒரு வரி ஒதுக்கினால் நியாயம்.