ஆறுதலாக இருந்து சாப்பிட ஓர் இடம்

எனக்கு 51 வயதாகும் வரைக்கும், ஒரு சாப்பாட்டுக் கடையை நானாகத் தெரிவு செய்து, நானாகக் காசு கொடுத்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டது கிடையாது. கடைச் சாப்பாடே தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில் கட்டிய சோற்றுப் பார்சல், மகனின் அலுவலாக யாழ்ப்பாணம் போனபோது நின்றநிலையில் ஒரு தோசை, கலியாண வீட்டு அலைச்சலுக்குப் பிறகு அவர் வாங்கி வந்த கொத்து ரொட்டி, எல்லாம் உண்டுதான். ஆனால் அவை அவசரத்துக்குச் சாப்பிட்டவை, அல்லது வேறொருவர் தெரிவு செய்தவை. யுத்த காலத்தில் பொழுது மங்கினால் கதவைப் பூட்டிப் பழகிய ஊர் எங்கள் மன்னார்த்தீவு. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்கள் கைகால்களை விட்டுப் போக நெடுநாள் எடுத்தது.

2024 ஓகஸ்ட் மாதத்தில் புத்தளத்தில் இருந்து என் பழைய தோழி தொலைபேசி எடுத்தாள். வாப்பாவின் காணி அலுவலாக எருக்கலம்பிட்டிக்கு வருகிறாளாம். தம்பி வீட்டில் நாலு நாள் நிற்பாளாம். "ஒரு நேரம் உன்னோட இருந்து ஆறுதலாச் சாப்பிடோணும் புள்ள" என்றாள்.

அந்த 'ஆறுதலாக' என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது.

எனக்குச் சொந்த ஊர் தோட்டவெளி. எருக்கலம்பிட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். அவளுடைய உம்மா தையல் தெரிந்தவர். ஒரு சிங்கர் மெஷினை வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குத் தையல் சொல்லிக் கொடுத்தார். நான் அந்த மெஷினில்தான் மிதிக்கப் பழகினேன். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். அவளுக்கென்று அம்மா ஒரு மண்சட்டியைத் தனியாக வைத்திருந்தார். அந்தச் சட்டியில் பன்றி இறைச்சி பட்டதே இல்லை.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். மன்னார்த்தீவில் இருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போவதற்கு முதல் இரவு, உம்மா மெஷினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். "வந்து எடுக்கிறன்" என்றார். அம்மா தலையாட்டினார். நாங்கள் ஒருவரும் வேறெதுவும் சொல்லவில்லை. எங்களுக்கும் பயம். பயம் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பது வேறு கதை.

பிறகு நாங்களும் ஊரை விட்டு மடுவுக்கு ஓடினோம். அந்தச் சாக்கையும் தூக்கிக்கொண்டுதான் போனோம். மடுவில் அக்காவின் கைக்குழந்தைக்குப் பால்மா இல்லாத ஒரு நாளில் அம்மா மெஷினை விற்றார். இந்தச் சங்கதியை நான் தோழிக்குச் சொன்னதே இல்லை. 2009க்குப் பிறகு பலமுறை கண்டிருக்கிறோம். செத்த வீட்டிலும் கலியாண வீட்டிலும் பஸ் நிலையத்திலும் கதைத்திருக்கிறோம். அங்கெல்லாம் சொல்லக்கூடிய கதையா அது?

எங்கள் வீட்டுக்கு அழைத்தால் நான் அடுப்படியில் நிற்பேன், அவள் விறாந்தையில் மாமியோடு கதைத்துக்கொண்டிருப்பாள். போதாததற்கு, எங்கள் வீட்டுச் சட்டிகளைப் பற்றி எனக்கே உத்தரவாதம் இல்லை. அவளுடைய தம்பி வீட்டுக்கு நான் போனால் பதினைந்து பேர் சுற்றி நிற்பார்கள், அவள் பரிமாறிக்கொண்டே நிற்பாள். ஆகவே கடைதான் என்று முடிவு செய்தேன்.

எப்படிப்பட்ட கடை? இதில் எனக்குப் புத்தி சொன்னவள் ரொறன்ரோவில் இருக்கும் என் பெறாமகள். அன்று மடுவில் பால்மாவுக்கு அழுத அதே குழந்தைதான். அவர்கள் வீட்டில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மெக்சிக்கோ நாட்டுச் சாப்பாட்டுக் கடைக்குப் போவார்களாம். "ஆகப் பெரிய கடையும் இல்லை சித்தி, ஆகச் சின்னக் கடையும் இல்லை. விலை நடுத்தரம். ரெண்டு மணித்தியாலம் இருந்தாலும் எழும்பச் சொல்ல மாட்டினம்" என்று சொல்லி, தட்டையும் வாட்ஸ்அப்பில் காட்டினாள். பார்த்தால் சோளமா ரொட்டி. அதற்குள் அவித்த அவரையும் இறைச்சியும். தொட்டுக்கொள்ளத் தக்காளி, வெங்காயம், பச்சைமிளகாய் வெட்டித் தேசிக்காய்ப் புளி விட்ட ஒரு கலவை. அதற்கு 'சல்சா' என்று பெயராம். நாங்கள் புரியாணிக்கு வைக்கும் சம்பல்தானே என்று சிரித்தேன். அந்த மக்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து ஊறவைத்துத் தோலை நீக்கித்தான் அரைப்பார்களாம். அப்படிச் செய்தால்தான் மா நன்றாகப் பிடிபடும், சத்தும் உடலில் சேரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மிளகாய் அந்தத் தேசத்து மண்ணில் பிறந்தது. போர்த்துக்கேயர்தான் அதை எங்கள் பக்கத்துக் கரைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள். அவர்கள் மன்னாரைப் பிடித்தது 1560 இல். பாலத்தடியில் நிற்கும் கோட்டையைத் தொடங்கியவர்களும் அவர்களே. அதற்கு முன்னர் எங்கள் பாட்டிமார் மீன் குழம்புக்கு மிளகைத்தான் அரைத்திருப்பார்கள். மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு ஒளிந்திருக்கிறது, பாருங்கள். ஆக, மெக்சிக்கோச் சாப்பாட்டுக்காக ரொறன்ரோ போகத் தேவையில்லை, பாதி எங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது என்று பெறாமகளுக்குச் சொன்னேன். ஆனால் அவள் சொன்ன நடுத்தர விலையும் ரெண்டு மணித்தியாலமும் என் மனதில் தங்கிவிட்டன.

காசு அனுப்புகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். பாடசாலைச் சீருடை தைத்த காசில் 6,000 ரூபாவை எடுத்து வைத்தேன். மெஷின் மிதிக்கச் சொல்லித் தந்தவரின் மகளுக்குச் சாப்பாடு அந்தக் காசில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

கடற்கரையோரம் உல்லாசப் பயணிகளுக்கான இடங்கள் இப்போது வந்திருக்கின்றன. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர் வருகிறார்கள். அமைதி என்றால் அங்கேதான் அமைதி. ஆனால் பக்கத்து மேசையில் பியர்ப் போத்தல் இருந்தால் அவள் உட்காரமாட்டாள். விலையும் எனக்குக் கட்டாது. அப்படியே கட்டினாலும், பெரிய இடத்துக்குக் கூட்டிப்போய் விருந்து வைத்துவிட்டு மெஷின் கதையைச் சொன்னால், கணக்குத் தீர்க்கிறேன் என்று அவள் நினைக்கக்கூடும். பஸ் நிலையப் பக்கத்துக் கொத்துக் கடைகளில் ஹலால் பிரச்சினை இல்லை, மலிவு, ருசியும் உண்டு. ஆனால் அந்தத் தட்டகப்பைச் சத்தத்தில் மன்னிப்புக் கேட்டால் "என்ன? என்ன?" என்றுதான் கேட்பாள். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகத்தில், திருநெல்வேலிக்குப் போனபோது சாப்பிட்டிருக்கிறேன். முழுக்கப் பெண்களே சமைத்து விற்கிறார்கள், வாய்க்கு இதமாக இருக்கும். ஆனால் அது வந்து சாப்பிட்டுவிட்டு எழும்பும் இடம், அதுவும் யாழ்ப்பாணத்தில்.

கடைசியில் நகரத்துக்குள், மேல்மாடியில் நாலைந்து மேசை போட்டிருக்கும் ஒரு கடையைப் பற்றித் தையலுக்குத் துணி தரும் பிள்ளை சொன்னாள். நான் முதல் நாளே பகல் மூன்று மணிக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சகோதரிகளே, இது வெட்கப்படுகிற காரியமில்லை. கலியாண மண்டபம் பார்க்கப் போகிறோம், சாப்பாட்டுக் கடையை ஏன் பார்க்கக்கூடாது? கணவனும் மனைவியுமாக நடத்துகிறார்கள். இறைச்சி எங்கே வாங்குகிறீர்கள், பன்றி சமைப்பதுண்டா, மதுபானம் உண்டா என்று கேட்டேன். அந்தத் தங்கச்சி முகம் சுளிக்காமல் குசினிக் கதவையே திறந்து காட்டினாள். மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்தேன். பெண்கள் ஆறுதலாக இருப்பதற்கு அதுதான் முதல் தேவை. பிறகு விலைப்பட்டியல். மீனுக்கு நேரே விலை எழுதாமல் விட்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள், அது நிறுத்து விற்கிற மீன். அடியில் சின்ன எழுத்தில் சேவைக் கட்டணம் பத்து வீதம் என்று இருந்தது. அதையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். என் 6,000 ரூபாவுக்குள் அடங்கும்.

"எத்தனை பேர் அக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பேர். ரெண்டும் பொம்பிளையள்."

"ஓம், வாங்கோ. யன்னலடி மேசையை வைச்சிருக்கிறன்."

மறுநாள் சனிக்கிழமை. மஃரிப் தொழுதுவிட்டு அவள் ஓட்டோவில் வந்து இறங்கினாள். பட்டியலில் பிரைட் ரைஸ் வகைகள் நிறைய இருந்தன. நாங்கள் இடியப்பமும் கணவாய்க் கறியும் பொரித்த பாரை மீனும் கேட்டோம். இடியப்பத்தைத் தவிர்த்து எதுவும் அவசரமாக வரவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. காணிக் கதை, பிள்ளைகளின் கதை, அவளுடைய முழங்கால் வலி, என் கண்ணாடி என்று ஒரு மணித்தியாலம் போனது. யாரும் எழும்பச் சொல்லவில்லை. யாருக்கும் நாங்கள் பரிமாறவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் சூடாகச் சாப்பிட்டோம். அது எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்குத் தெரியும்.

வட்டிலப்பம் வந்த பிறகு சொன்னேன். "உம்மாட மெஷினை நாங்க வித்திட்டம் புள்ள."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உம்மா அகதி முகாமில ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைச்சா" என்றாள். "அது இருந்தா ஓலைக் கொட்டிலுக்குள்ள இருந்தாவது தைச்சிருப்பன் எண்டு சொல்லுவா. மௌத்தாகிற வரைக்கும் சொன்னா."

எனக்குத் தொண்டை அடைத்தது. கோபிக்க மாட்டாள், "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்து வந்திருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததுதான் நியாயம் என்று இப்போது நினைக்கிறேன்.

"என்னத்துக்கு வித்தீங்க?"

"பால்மாவுக்கு. அக்காட புள்ளைக்கு."

"அது இப்ப எங்க?"

"கனடாவில."

"படம் இருக்கா?"

தொலைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். சோளமா ரொட்டித் தட்டோடு பெறாமகள் சிரித்துக்கொண்டிருக்கிற படம். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் வளந்திருக்கா" என்று திருப்பித் தந்தாள். பிறகு கரண்டியை எடுத்து மிச்ச வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்தாள். இரண்டு பிளேன்ரீக்கும் அவளே சொன்னாள்.

கணக்குத் துண்டு வந்தது. 4,972 ரூபா. நான் கைப்பையைத் திறந்தேன். வழக்கமாக அவள் பாய்ந்து பிடிப்பாள். புத்தளத்தில் கடை நடத்துகிறவள், கை தாராளம். அன்று காசுக்குக் கை நீட்டவில்லை. துண்டை மட்டும் வாங்கி, கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தண்ணீர்ப் போத்தல் ஒன்றுதான் குடித்தோம், இரண்டு போட்டிருந்தது. தங்கச்சியைக் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னாள். சேவைக் கட்டணமும் சேர்த்து 132 ரூபா குறைந்தது.

"விட்டிருக்கலாமே" என்றேன்.

"உன்ட தையல் காசு புள்ள. ஏன் விடோணும்?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். முழங்கால் வலி என்றபடியால் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.