ஊர் கூடி அடுக்கிய கட்டைகள்

குழந்தையின் முதற்பள்ளி விளையாட்டே ஆகும். மணலைக் குவித்து வீடு கட்டுவதும், தேங்காய்ச் சிரட்டையில் சோறு சமைப்பதும், தென்னை ஓலையில் காற்றாடி செய்வதும் நம் பிள்ளைகள் தொன்றுதொட்டு ஆடிவந்த ஆட்டங்கள். தோட்டப்புற லயங்களில் வளர்ந்த நம் பெற்றோர் ரப்பர் விதைகளைக் கொண்டே எத்தனையோ விளையாட்டுகளைப் படைத்தனர். காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றும் இல்லை. ஆயினும் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. கையும் கண்ணும் கருத்தும் ஒருங்கே பெற்ற பயிற்சி அது.

காலம் மாறிற்று. இன்று ஜோர்ஜ்டவுன் பேரங்காடிகளின் கண்ணாடிப் பேழைகளுக்குள் வண்ணக் கட்டைகளால் ஆன கோபுரங்களும் கப்பல்களும் கொலுவிருக்கின்றன. பிள்ளைகள் அவற்றைப் பார்க்கின்றனர். பெற்றோர் விலைச் சீட்டைப் பார்க்கின்றனர். பெரிய பெட்டி ஒன்றின் விலை பாட்டாளி ஒருவரின் பல நாள் கூலிக்கு ஈடாகும். "அடுத்த மாதம் பார்க்கலாம், ஐயா" என்று கூறிப் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்கின்றனர். அந்த அடுத்த மாதம் அவ்வளவு எளிதில் வருவதில்லை. அறிவை வளர்க்கும் இவ்விளையாட்டு, வசதி படைத்தோர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதா? இந்த வினாவே எம் பள்ளிக் கணினிக் கழகத்தாரை ஒரு புதிய முயற்சியில் இறங்கச் செய்தது.

முதலில் அக்கட்டைகளின் வரலாற்றைச் சிறிது அறிவோம். டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் வாழ்ந்தார். பொருளாதார மந்தத்தால் வேலை குறைந்தபோது, 1932-ஆம் ஆண்டில் அவர் மர பொம்மைகள் செய்யத் தொடங்கினார். "நன்றாக விளையாடு" என்னும் பொருளுடைய டேனிய மொழித் தொடரைச் சுருக்கி, 1934-இல் தம் தொழிலுக்கு லெகோ என்று பெயரிட்டார். பின்னர் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. மேலே குமிழ்களும் உள்ளே குழல்களும் உடைய இன்றைய கட்டைக்கு, 1958-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. குமிழும் குழலும் ஒன்றையொன்று கவ்விப் பிடிப்பதே அதன் நுட்பம். அவ்வாண்டுக் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்தும் என்றால், அதன் அளவு எத்துணைத் துல்லியமானது என்பதை எண்ணிப் பாருங்கள்!

எட்டுக் குமிழ்களைக் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 வகையாக இணைக்கலாம். ஆறு கட்டைகள் இருந்தால்? டென்மார்க்கின் கணித அறிஞர் சோரன் எய்லர்ஸ் கணினியின் துணையால் கண்ட விடை 915,103,765 ஆகும். ஆறே கட்டைகளில் தொண்ணூறு கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள்! சிறு பொருளில் பெரும் உலகம் அடங்கியிருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இக்கட்டைகளைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தவர் ஓர் இளைஞர். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெசிமன், 1995-ஆம் ஆண்டில் எல்டிரா என்னும் நிரலை எழுதினார். ஒவ்வொரு கட்டையின் வடிவத்தையும் எண்களாக மாற்றி, எவரும் படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்புகளில் அவர் பதிந்து வைத்தார். அந்தோ! 1997-இல் இளமையிலேயே அவர் காலமானார். அவரோடு அம்முயற்சியும் மறைந்திருக்கக்கூடும். ஆனால், அவர் தம் முறையைப் பூட்டி வைக்கவில்லை. ஆகவே, பல நாட்டு ஆர்வலர்கள் அதனைக் கையேற்றனர். புதிய கட்டை ஒன்று கடைக்கு வந்தால் ஒருவர் அதனை அளந்து வரைகிறார், மற்றவர் சரிபார்க்கிறார், பின்னர் பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கின்றனர். இன்று ஆயிரக்கணக்கான உறுப்புகள் அக்களஞ்சியத்தில் உள்ளன. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் வரைந்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். லெகோ நிறுவனத்தைச் சாராத இப்பணியைத் தொண்டர்களே செய்து வருகின்றனர்.

லினக்ஸின் கதையும் இதுபோன்றதே. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ஆம் ஆண்டில் கணினியை இயக்கும் அடிப்படை நிரலை எழுதி உலகுக்கு அளித்தார். அதற்கு முன்னரே, 1983-இல், அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்திருந்தார். இரண்டும் கைகோத்தன. இத்தகைய மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், அதன் உள்ளமைப்பைப் படித்தறியலாம், திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கும் வழங்கலாம். நம் மலேசிய அரசாங்கமும் 2004-ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. கேரள மாநிலத்து அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளின் வழியே கற்பிக்கப்படுகிறது. நம் மொழியும் இதில் பின்தங்கிவிடவில்லை. லினக்ஸ் திரையிலுள்ள சொற்களைத் தமிழாக்கிய ஆர்வலர் பலர் ஊதியம் கருதாது உழைத்தவர்களே.

தேர் ஓட வேண்டுமாயின் ஊர் கூடி வடம் பிடிக்க வேண்டும். தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் தேரைக் கண்ட பினாங்கு மக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? லினக்ஸும் எல்டிராவும் ஊர் கூடி இழுத்த தேர்களே.

இனி, எம் கழகத்தின் அனுபவத்தைக் கூறுவோம். அலுவலகங்களில் ஒதுக்கப்பட்ட பழைய கணினிகள் சிலவற்றில் லினக்ஸை நிறுவினோம். அதன்மேல் லியோகேட் என்னும் வடிவமைப்பு மென்பொருளை ஏற்றினோம். லியோனார்டோ சைட் என்பார் தொடங்கிய அம்மென்பொருள் எல்டிராக் களஞ்சியத்தின் கட்டைகளைப் பயன்படுத்துகிறது. ஒரு வெள்ளி செலவின்றி, எம் மாணவர்களுக்கு எண்ணிலாக் கட்டைகள் கிட்டின! சிவப்பு தீர்ந்துவிட்டது என்ற குறையில்லை. கட்டிலுக்கு அடியில் உருண்டு தொலைந்துவிட்டது என்ற கவலையுமில்லை.

எதனைக் கட்டுவது? கார்ன்வாலிஸ் கோட்டைக்கு அருகில் நிற்கும் மணிக்கூண்டை மாணவர்கள் தேர்ந்தெடுத்தனர். விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு ஆட்சியின் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரத்தில் அதனை எழுப்பச் செய்தவர் சியா சென் ஏக் என்னும் பினாங்குச் செல்வந்தர். அரசியார் 1901-இல் மறைந்தார். மணிக்கூண்டோ 1902-இல்தான் நிறைவெய்தியது.

ஓர் அடிக்கு ஒரு தகடு என்று மாணவர்கள் கணக்கிட்டனர். தகடு என்பது கட்டையின் மூன்றில் ஒரு பங்கு உயரமுடையது. ஆகவே 60 தகடுகளின் உயரம் 20 கட்டைகளின் உயரத்திற்குச் சமம். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், எனவே, மணிக்கூண்டின் உயரம் 192 மில்லிமீட்டர். எல்டிரா முறையில் கட்டையின் உயரம் 24 அலகு, குமிழுக்குக் குமிழ் உள்ள தொலைவு 20 அலகு. அவ்வாறாயின் மணிக்கூண்டு 480 அலகு உயர்ந்து நிற்கும். பின்னமும் பெருக்கலும் கண்டு அஞ்சிய பிள்ளைகள், கேட்காமலேயே இக்கணக்குகளைப் போட்டனர்!

சேமித்த கோப்பைத் திறந்து உள்ளே இருப்பதையும் அவர்களுக்குக் காட்டினோம். ஒரு கட்டைக்கு ஒரு வரி. வரியின் முதல் எண் 1 என்றால், ஈண்டு ஓர் உறுப்பு வைக்கப்பட்டது என்று பொருள். அடுத்த எண் நிறம். 4 சிவப்பு, 14 மஞ்சள். அடுத்த மூன்று எண்கள் இடத்தையும், அதனையடுத்த ஒன்பது எண்கள் திசையையும் குறிக்கும். இறுதியில் உறுப்பின் எண். எட்டுக் குமிழ்க் கட்டைக்கு 3001. ஒரு கட்டையின்மீது மற்றொன்றை ஏற்றினால் உயர எண் 24 கூடுவதற்கு மாறாக 24 குறையும் என்பதை மாணவர்களே கண்டறிந்து வியந்தனர். திரையில் தோன்றும் அழகிய கோபுரம் உண்மையில் எண்களின் அணிவகுப்பே என்பதை அன்று உணர்ந்தனர்.

எண்கோணமான அடித்தளம் அவர்களுக்குச் சோதனையாயிற்று. சதுரக் கட்டைகளால் எட்டுப் பக்கம் அமைப்பது எங்ஙனம்? மூலைகளைப் படிப்படியாகக் குறைத்தும், சாய்வுக் கட்டைகளை இட்டும் பலமுறை முயன்றனர். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியால் மணிக்கூண்டு சற்றே சாய்ந்திருப்பதாகக் கூறுவர். "போர் நடந்ததற்கு அதுதானே அடையாளம், ஐயா? நாமும் சாய்த்தே கட்டுவோம்" என்றாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. "சாய்த்தால் கட்டை கவ்வாதே!" என்றான் மற்றொருவன். திரையில் சாய்க்கலாம், கையில் இயலாது. அவ்விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

இதன் குறைகளையும் கூறுதல் எம் கடமையாகும். திரைக்குள் ஈர்ப்பு விசை இல்லை. பிடிமானமற்ற கட்டையும் அந்தரத்தில் நிற்கும். ஒரே இடத்தில் இரண்டு கட்டைகளை வைத்தாலும் மென்பொருள் தடுப்பதில்லை. திரையில் நிமிர்ந்து நின்ற மேல்தட்டு ஒன்றை, எம்மிடமிருந்த சில பழைய கட்டைகளால் மாணவர்கள் கட்டிப் பார்த்தபோது அது சரிந்து விழுந்தது. ஏன் விழுந்தது என்று அவர்கள் ஆராய்ந்த அரை மணி நேரமே அம்மாதத்தின் சிறந்த பாடம். ஆகவே, கைவேலையைக் கணினிக்காகக் கைவிடலாகாது. மணலும் களிமண்ணும் என்றும் வேண்டும்.

பாயான் லெப்பாஸ் ஆலையில் பணிபுரியும் தாய் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, எந்நேரமும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் படிப்பு என்னாவது?" என்று கவலையோடு வினவினார். நியாயமான கவலை! அதனால்தான் வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று வரையறுத்தோம். முதலில் தாளில் வரைந்த பின்னரே கணினியைத் தொடலாம் என்றும் விதித்தோம். அத்தாயின் மகன் தான் அமைத்த கோபுரத்தைச் சுழற்றிக் காட்டினான். எத்தனை கட்டைகள் வேண்டும், எதன்மேல் எது என்று அவன் விளக்கியபோது, "ஆலையில் நாங்கள் பார்க்கும் வரைபடம் போலவே இருக்கிறதே!" என்று அவர் வியந்தார்.

அவர் கூற்று ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் தொழில் வட்டாரம் அமைந்தது. அவ்வாண்டே இண்டெல் நிறுவனமும் அங்கு ஆலை தொடங்கியது. பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அத்தகைய ஆலைகளில் பிறர் வடிவமைத்த நுண்பொருள்களைப் பூட்டிக் கொடுத்தனர். உழைப்பு நம்முடையதாயிருந்தது, வரைபடமோ பெரும்பாலும் பிறருடையதாயிருந்தது. நம் பேரப்பிள்ளைகள் பூட்டுவதோடு நின்றுவிடலாமா? வரைபவராகவும் உயர வேண்டாமா? கட்டையை அடுக்கும் சிறுவன் நாளை பாலத்தையும் கட்டடத்தையும் இயந்திரத்தையும் வடிவமைக்கக்கூடும். அதற்கான முதற்படி பணம் இல்லாதோர்க்கும் இன்று திறந்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே! இக்கருவிகள் இலவசமாகக் கிடைத்தன என்று எளிதாக எண்ணிவிடாதீர்கள். முகம் அறியாத பலர் உறக்கம் துறந்து உழைத்த உழைப்பு அது. பெற்றதற்கு ஈடாக நீங்களும் ஒன்று தரலாம். உங்கள் கோபுரத்தின் கோப்பைத் தம்பி தங்கையர்க்கு வழங்குங்கள். கற்றதைத் தமிழில் எழுதி வையுங்கள். வளர்ந்தபின் களஞ்சியத்தில் இல்லாத உறுப்பு ஒன்றை வரைந்து சேருங்கள். பெற்றோர்களே! வீட்டில் கணினி இல்லையே என வருந்த வேண்டா. பள்ளியின் கதவு திறந்திருக்கிறது. உங்கள் பிள்ளை கட்டியதைக் காண ஒருமுறை வாருங்கள்.

ஊர் கூடி அடுக்கிய கட்டைகளின்மேல் நம் பங்காக ஒரு கட்டையை வைப்போம். உழைப்போம், உயர்வோம்! வாழ்க தமிழ்!