ஒரே புத்தகம், இரண்டு தீர்ப்பு

வெள்ளவத்தை காலி வீதியில் புத்தகக் கடை மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம் அடிக்கடி வந்து விழும் கேள்வி, "இந்த ரெண்டில எது நல்லது?" என்பது. நாவல் வாங்க வருபவர் இதை அரிதாகவே கேட்பார். எழுத்தாளரின் பெயரே அவருக்குப் போதும். பாடநூலோ வரலாற்று நூலோ தேடி வருபவரின் நிலை வேறு. அந்தப் புத்தகத்தால் அவருக்கு ஒரு காரியம் ஆகவேண்டும்: பிள்ளை பரீட்சையில் சித்தியடைய வேண்டும், ஒரு சந்தேகம் தீர வேண்டும், ஒரு வாதத்துக்குச் சான்று கிடைக்க வேண்டும். கடைக்கு வருமுன்பே நாலு பேரிடம் விசாரித்திருப்பார். ரியூசன் சேர் ஒன்று சொல்லியிருப்பார். போன வருடம் பரீட்சை எழுதிய பக்கத்து வீட்டு அக்கா அதற்கு நேரெதிராகச் சொல்லியிருப்பார். அந்தச் சிக்கலை அவிழ்த்து, வந்தவருக்குப் பொருந்தும் நூலைக் கையில் கொடுத்தனுப்புவதே இந்தத் தொழிலின் கடினமான பகுதி.

சாதாரண தரம் வரைக்கும் பாடநூலைத் தெரிவுசெய்யும் பேச்சுக்கே இடமில்லை. 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்து வருகிறது. இன்று தரம் 1 முதல் 11 வரை கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் நூல்களே பிள்ளைகளின் கைகளில் இருக்கின்றன. உயர்தரத்தில் நிலைமை மாறுகிறது. மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் சில பாடங்களுக்கு வளநூல்களையும் வெளியிடுகிறது. மிச்ச இடத்தைத் தனியார் நூல்களும், ரியூட்டரிகளில் கொடுக்கும் ரியூட்களும், கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளும் நிரப்புகின்றன. தெரிவு என்று வந்ததும் கூடவே அபிப்பிராயமும் வந்துவிடுகிறது.

பக்கத்தைத் திறந்து பார்க்காமல் இந்த அபிப்பிராயங்களை எடைபோட முடியாது. இரசாயனவியல் நூல்கள் இரண்டை மேசையில் விரித்து வைத்தால் விசயம் கண்ணுக்குத் தெரியும். 4 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டை நீரில் கரைத்து 250 கன சென்ரிமீற்றர் கரைசல் ஆக்கினால் அதன் செறிவு என்ன? ஒரு நூல் ஒரே வரியில் 0.4 என்று முடித்துவிடுகிறது. மற்றது மூலர்த் திணிவு 40 என்று எழுதி, 4ஐ 40ஆல் வகுத்து 0.1 மூல் என்று காட்டி, 250 கன சென்ரிமீற்றரை 0.25 கன டெசிமீற்றராக மாற்றி, பிறகு வகுத்து, கன டெசிமீற்றருக்கு 0.4 மூல் என்று அலகோடு விடை தருகிறது. வகுப்பு நிறைந்த பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியருக்கு முதலாவது நூல்தான் பிடிக்கும். விளக்கம் அவர் வாயில் இருக்கிறது. அவருக்குத் தேவை கணக்குகள், அதுவும் நிறைய. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு தனியாக இருந்து படிக்கும் மாணவிக்கு இரண்டாவதுதான் துணை. ஆசிரியர் "அது வீண் இழுவை" என்பார். மாணவி "மற்றது விளங்கேல்லை" என்பாள். இருவர் சொல்வதும் உண்மை.

அதனால் அனுபவமுள்ள கடைக்காரர் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுமுன் வாசிக்கப்போகிறவரைப் பற்றிக் கேட்கிறார். எந்த ஆண்டுப் பரீட்சை? வகுப்புக்குப் போகிறாரா, வீட்டிலிருந்து படிக்கிறாரா? முதல் தடவையா, இரண்டாம் தடவையா? அதன் பிறகு அவர் கை போவது பதிப்பு விபரம் அச்சான பக்கத்துக்கு. 2017இல் உயர்தரப் பாடத்திட்டம் மாறியது. புதிய பாடத்திட்டத்தின்படி முதற் பரீட்சை 2019இல் நடந்தது. அந்த ஆண்டு பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் வெவ்வேறு வினாத்தாள்கள். அதற்கு முன் எழுதிய அண்ணன் ஒரு நூலை மெச்சினால் அவர் மெச்சியதில் பிழையில்லை. அது வேறொரு பரீட்சைக்கு எழுதப்பட்ட நூல், அவ்வளவுதான். தமிழ்நாட்டிலிருந்து வரும் விஞ்ஞான நூல்களுக்கும் இதுவே நிலை. விளக்கம் அருமையாக இருக்கும். ஆனால் பாடப்பரப்பும் கலைச்சொற்களும் வேறாக இருப்பதால் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளை தடுமாறும். ஆசைக்கு விஞ்ஞானம் வாசிக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் அதே நூலை மனமாரப் புகழ்வார்.

உலகம் கொண்டாடிய ஒரு பாடநூலுக்கும் இது நேர்ந்திருக்கிறது. ரிச்சர்ட் பெய்ன்மன் 1961 முதல் 1963 வரை அமெரிக்காவின் கல்ரெக் நிறுவனத்தில் முதலிரு ஆண்டு மாணவர்களுக்கு நடத்திய பௌதிகவியல் விரிவுரைகள் பின்னர் மூன்று தொகுதிகளாக வந்தன. ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் அவற்றை இன்றுவரை எடுத்து எடுத்து வாசிக்கிறார்கள். ஆனால் மாணவர்களின் நோக்கில் பார்த்தால் தன் முயற்சி பெரிதாக வெற்றிபெறவில்லை என்று பெய்ன்மனே முன்னுரையில் எழுதினார். பௌதிகவியலை ஏற்கெனவே கற்றவருக்கு அந்த நூல் பெருவிருந்து. முதல் தடவை கற்பவருக்கு அது செங்குத்தான மலை.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் கேள்வியின் தொனி மாறும். அங்கே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைதான் வீட்டின் பெரிய காரியம். "விளக்கம் எல்லாம் வேணாம் அண்ணா, பேப்பர் நிறைய இருக்கிற புக்கா குடுங்க" என்பார் ஒரு தாய். வேலைக்குப் போய் வந்து இரவில் பிள்ளையோடு இருக்கும் இன்னொரு தாய், விடையோடு காரணமும் எழுதிய புத்தகத்தைக் கேட்பார். தனக்கே விளங்கினால்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கலாம். முதலாம் வினாத்தாள் நுண்ணறிவைச் சோதிப்பது, இரண்டாவது பாடத்திட்டத்தைச் சார்ந்தது. முதலாவதில் தடுமாறும் பிள்ளைக்கு விடை மட்டும் உள்ள தொகுப்பு உதவாது. எண்கோலம் ஒன்றில் அடுத்த எண் ஏன் 21 என்று யாராவது சொல்லவேண்டும். இதே பகுதியில் விவேகானந்த மேட்டில் இருக்கும் விவேகானந்த சபை 1902இல் தொடங்கியது; அகில இலங்கைச் சைவசமய பாடப் பரீட்சையை நடத்திவரும் சபை. அந்தப் பரீட்சைக்கான சமய நூல்களை வாங்க வரும் தாத்தாவும் பேரனும் ஒரே நூலில் வேறுவேறு எதிர்பார்ப்பு வைத்திருப்பார்கள். பேரனுக்கு வினாவும் விடையும் போதும். தாத்தாவுக்குத் தேவாரத்தின் பொருள் ஆழமாக வேண்டும்.

எல்லா முரண்பாடுகளும் இப்படித் தேவையிலிருந்து வருவன என்று விட்டுவிடக் கூடாது. மேலே சொன்ன செறிவுக் கணக்கில் அலகை மாற்ற மறந்து 0.0004 என்று ஒரு நூல் அச்சிட்டால், அதைப் பற்றி இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது, அது பிழை. ஆண்டுகளைப் பிழையாகத் தரும் வரலாற்று நூலும், பழைய சட்டத்தைப் புதியதாகச் சொல்லும் சட்ட வழிகாட்டியும் அப்படித்தான். "ஆளுக்கொரு கருத்து" என்று பேசி அவற்றை விற்பது வாங்குபவருக்குச் செய்யும் தீங்கு. முறைப்பாட்டோடு வருபவரிடம் பக்க எண்ணைக் கேட்கவேண்டும். பக்க எண் சொல்லக்கூடிய முறைப்பாடு பதிப்பாளருக்குப் போகவேண்டும், அடுத்த பதிப்பில் திருத்தம் வரவேண்டும். "ஒண்டும் சரியில்லை" என்று மட்டும் சொல்பவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால், பெரும்பாலும் அவருடைய தேவை வெளியே வரும்.

வரலாற்று அலமாரியில் இந்தப் பிரிப்பு இன்னும் கடினம். டச்சுக்காரர் காலத்தில், 1736 அளவில், மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையைச் சிலர் வேதவாக்காக எடுத்தார்கள். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய நூல், அந்த வரலாற்றை மிகப் பழைய காலத்துக்குக் கொண்டுசென்றது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் எழுதி, வைபவமாலைக் கதைகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தார். இராசநாயகமும் ஞானப்பிரகாசரும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. இன்றைக்கு ஒருவரின் நூலை மட்டும் வாங்கிச் செல்பவர் விவாதத்தில் பாதியைத்தான் கொண்டுபோகிறார்.

பேராசிரியர் கா. இந்திரபாலாவின் எடுத்துக்காட்டு இன்னும் துலக்கமானது. 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இலங்கையில் தமிழர் குடியேற்றங்கள் பற்றிச் சொன்ன முடிவுகளைப் பிற்காலத்தில் அவரே மாற்றிக்கொண்டார். இடையில் 1980இல் ஆனைக்கோட்டையில் அவர் தலைமையில் நடந்த அகழாய்வு உட்படப் புதிய சான்றுகள் சேர்ந்திருந்தன. 2005இல் ஆங்கிலத்திலும், அடுத்த ஆண்டு "இலங்கையில் தமிழர்" என்று தமிழிலும் வெளிவந்த அவரது நூல், சிங்களவரும் தமிழரும் ஒரே ஆதிக் குடிகளிலிருந்து உருவானவர்கள் என்ற நோக்கில் எழுதப்பட்டது. வந்தேறிகள் யார் என்ற சண்டைக்கு ஆயுதம் தேடி வாங்குபவர் ஏமாற்றத்தோடு திரும்புவார். கருத்தை மாற்றியதே குறை என்று சொல்பவரும் உண்டு. சான்று மாறினால் முடிவும் மாறவேண்டும் என்று படித்தவருக்கு அதுவே அந்த நூலின் பெருமை. இங்கே கடைக்காரர் செய்யக்கூடியது, முந்தியதையும் பிந்தியதையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, எது எந்த ஆண்டுக்குரியது என்று சொல்வது.

வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் நூல் வெளியீடுகள் நடக்கும்போது வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று எல்லாம் முறையாக நடக்கின்றன. முதற்பிரதி பெறுபவர் மேடையில் ஏறுகிறார், நூலாசிரியரின் உழைப்பு மதிக்கப்படுகிறது. அந்த மரியாதை வேண்டும். வாங்கியவர் வீட்டில் படித்துவிட்டுச் சில கிழமை கழித்துச் சொல்லும் வார்த்தைக்குத்தான் இன்னும் மேடை அமையவில்லை. கவிதைத் தொகுதிக்கும் சிறுகதைத் தொகுதிக்கும் பத்திரிகைகளில் மதிப்புரை வருகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் எதிர்காலம் தங்கியிருக்கும் உயர்தர இரசாயனவியல் நூலுக்கு அது வருவது அரிது.

அத்தகைய மதிப்புரைக்கு வேண்டிய பொருள் எல்லாம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் பழைய பாடநூல்களையும் வரலாற்று நூல்களையும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம். பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள் எந்த வினாவில் பிள்ளைகள் சறுக்கினார்கள் என்று காட்டுகின்றன. ஒரு நூல் அந்த இடத்தை எப்படி விளக்குகிறது என்று ஓர் ஆசிரியரும், வகுப்புக்குப் போகும் ஒரு மாணவரும், வீட்டிலிருந்து படிக்கும் ஒரு மாணவரும் தனித்தனியே எழுதி, மூன்றையும் ஒரே பக்கத்தில் அச்சிடலாம். தாங்கள் யார், எதற்காக வாசித்தார்கள், எந்தப் பதிப்பு என்று மூவரும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அச்சுப் பிழைகளைப் பக்க எண்ணோடு கீழே தரவேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள ஆசிரியர்கள் சிலர் சேர்ந்தாலே, உயர்தர வகுப்புகள் தொடங்கும் பருவத்துக்குள் முதல் பத்து நூல்களுக்கு இப்படி ஒரு மதிப்புரைக் கொத்து தயாராகிவிடும்.