பழவேற்காடு படும் பாடு!

ஆபீஸ் விட்டு வந்ததும் பேன்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கட்டம் போட்ட லுங்கிக்கு மாறினால்தான் உங்களுக்கு உயிரே வரும், இல்லையா? அந்த லுங்கிக்குப் பெயர் கொடுத்த ஊரை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? ரொம்ப தூரமெல்லாம் இல்லை சார். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து, பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறினால்... பழவேற்காடு!

'ழ' வராத டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் 'பாலியகாட்டா' என்றார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதையும் நறுக்கிப் 'புலிகாட்' ஆக்கினார்கள். (ஊரில் புலி கிடையாது. மீன் வாசனைக்குப் பூனைகள்தான் ஏராளம்!) 'பளையகாட் லுங்கி' பிறந்த கதை இதுதான். இங்கே கப்பலேறிய துணி, போன இடத்துக்கெல்லாம் ஊர்ப் பெயரையும் தூக்கிக்கொண்டு போனது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்குப் 'பெலிகாட்' என்றுதான் பெயர்.

1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே 'கெல்ட்ரியா' கோட்டையைக் கட்டிவிட்டார்கள். பிரிட்டிஷார் சென்னப்பட்டினத்தில் இடம் பிடித்தது 1639-ல். அதாவது பழவேற்காடு நம்ம சென்னைக்கு அண்ணன்! தம்பி எங்கேயோ போய்விட்டான். அண்ணன் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1825-ல் ஊர் கடைசியாக பிரிட்டிஷார் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடத்தில் இப்போது மேடும் புதரும்தான்.

ஆனால் கல்லறைத் தோட்டம் கம்பீரமாக இருக்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் 'வாங்க சார்' என்று வரவேற்கின்றன. உள்ளே 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள். டச்சு எழுத்து, குடும்பச் சின்னம் என்று ஒவ்வொரு கல்லிலும் அப்படி ஒரு வேலைப்பாடு! இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்லில் கை வைத்தால் அபராதம், ஜெயில்.

இந்தக் கல்லறைகள் சொல்லாத கதை ஒன்றும் உண்டு. 17-ம் நூற்றாண்டில் துணியோடு சேர்த்து மனிதர்களையும் இங்கிருந்து கப்பலேற்றினார்கள். பஞ்ச காலத்தில் அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், ஆயிரக்கணக்கில் பட்டேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் இங்கே கல் கிடையாது.

கல்லறையிலிருந்து ஏரிக்கரைக்கு நடந்தேன். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம்மிடம். கரையில் ஒரு பெரியவர் வலையைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இன்னிக்கு வலைக்குப் போகலீங்களா?"

"இன்னிக்கு எங்க பாடு இல்ல தம்பி. அவங்க பாடு."

'அவனவன் பாடு அவனவனுக்கு' என்று நாம் அலுத்துக்கொள்வோமே, அந்தப் பாடு இல்லை இது. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தின் பக்கம்தான் இறால் நன்றாகப் படும். எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே சுத்து வலையைப் போட்டால் வெட்டுக்குத்துதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்க்காரர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு யார், எந்த இடம் என்பதெல்லாம் சீட்டுக் குலுக்கி முடிவாகும். ஊர்க்கூட்டம்தான் கோர்ட்டு. தலைமுறை தலைமுறையாக வரும் சட்டம். நம் ஆபீஸில் தீபாவளி லீவுக்கு இப்படி ஒரு பாடு இருந்தால் எவ்வளவு நிம்மதி!

குறையே இல்லாத ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குத்தான் பாடு. ஏரியை நம்பியிருக்கும் மற்ற சமூகத்தாருக்கு அதில் இடமில்லை. இறால் விலை ஏற ஏற, அதை வைத்துத் தகராறுகளும் வந்தன. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு முறைப் பாடு கிடையாது. படுகிற பாடுதான் உண்டு.

ஆனாலும் ஒன்று. 'எனக்கு இன்றைக்கு, உனக்கு நாளைக்கு' என்று கிடைப்பதைப் பங்கு போடத் தெரிந்த ஊர் இது. பங்கு போட மீன் இருக்க வேண்டுமே? முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து அடிக்கடி வாய் அடைத்துக்கொள்கிறது. கடல் தண்ணீர் வராவிட்டால் இறால் குஞ்சும் வராது. தெற்கே 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. அடுத்துக் காட்டுப்பள்ளி துறைமுகம். அதைப் பெரிதாக்கினால் கரையைக் கடல் தின்றுவிடும் என்று மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறார்கள். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும்போது கடலுக்குப் போகத் தடை. டி.வி. முன்னால் நாம் கைதட்டும் அந்த நாள், இவர்களுக்கு 'லாஸ் ஆஃப் பே'!

"பசங்கள்லாம் கம்பெனி வேலைக்குப் போவுது. பாட்டுக்கு ஆள் இருக்கு தம்பி, பாட்டுல மீனு இல்ல" என்றார் பெரியவர், வலையிலிருந்து கண் எடுக்காமலே.

குளிர்காலத்தில் போனால் ஏரியில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். போங்கள், பாருங்கள். கல்லறையில் காதலி பெயரைச் செதுக்காதீர்கள். கரையில் இறால் வாங்கும்போது அஞ்சுக்கும் பத்துக்கும் பேரம் பேசாமல், "இன்னிக்கு யார் பாடு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் சொல்ல அங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். செத்துப்போன டச்சுக்காரர்களின் கல்லுக்குச் சர்க்கார் காவல் போட்டாயிற்று. உயிரோடு இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு, முகத்துவாரம் திறந்திருக்கும் வரைதான் ஆயுசு.