எப்பங்க சூடாகுது?

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி சாலையை ஒட்டிய ரேடியேட்டர் பட்டறைகளுக்குச் சித்திரை, வைகாசிதான் அறுவடைக் காலம். பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதும் மலையேற வரும் கூட்டத்தில் புதுக் கார்கள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடும். வருஷம் முழுக்க முற்றத்தில் துணி போர்த்திக் கிடந்துவிட்டு, "இந்தத் தடவை நம்ம வண்டியிலயே போயிட்டு வந்துரலாம்" என்று கிளப்பிக்கொண்டு வரப்படும் அம்பாசடரும் மாருதி 800-உம்தான் கல்லாறு பாக்குத் தோப்புகளைத் தாண்டி, பர்லியாருக்கு முன்னாலேயே பானெட்டைத் தூக்கிக்கொண்டு ஓரங்கட்டி நிற்கும். இரண்டுமே 2014-இல் உற்பத்தி நின்றுபோனவை. ஆக, அவற்றில் கடைக்குட்டிக்கே பத்து வயதுக்கு மேல்.

மலைச்சாலை பழைய வண்டியை மூன்று பக்கமும் நெருக்குகிறது. முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் எஞ்சின் முழுப் பாரத்தையும் இழுக்க வேண்டும். வண்டி ஊர்ந்து போவதால் முன்பக்கக் காற்று கிடையாது. மூன்றாவது, பலருக்கும் நினைவில் வராத உயரம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் வைத்த தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல எஞ்சினே வழக்கமாக ஓடும் சூடு கிட்டத்தட்ட அதுதான்.

அப்படியென்றால் ஒரு காரும் ஊட்டிக்குப் போக முடியாதே என்று கேட்கலாம். போக வைப்பது ரேடியேட்டர் மூடி. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் கொண்ட அந்தச் சின்னச் சாமான் தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கிறது. பல கார்களில் 0.9 கிலோ என்று அதன் தலையிலேயே அடித்திருக்கும். சமவெளியில் அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 டிகிரியை நெருங்க வேண்டும். ரப்பர் காய்ந்து வெடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ மூடி கூட்டித் தரும் அந்த இருபது டிகிரியும் போயிற்று. ரேடியேட்டரையே மாற்றிவிட்டு, பழைய மூடியைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பட்டறையில் பார்த்தேன். ஒருவர் இருவர் அல்ல.

நான் உட்கார்ந்திருந்த பட்டறை, உருளைக்கிழங்கு மண்டிக்கு லோடு இறக்கும் லாரிகள் திரும்பும் சந்தில் இருக்கிறது. தகரக் கொட்டகை, சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர், ஒரு கேஸ் சிலிண்டர், சுவரோரம் அடுக்கிய செம்புக் கோர்கள். நடத்துகிற பெரியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கோவையில் சிறுவயதில் ஈயம் பற்ற வைக்கக் கற்றவர். வண்டி வந்து நின்றால் எழுந்து போகமாட்டார். இருந்த இடத்திலிருந்தே கேட்பார்: "எப்பங்க சூடாகுது?"

வந்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, போன மெக்கானிக் எவ்வளவு பிடுங்கினான் என்றுதான் சொல்வார்கள். பெரியவர் விடமாட்டார். "அது இருக்கட்டுங்க. நிக்கறப்பவா, ஓடறப்பவா?"

நின்றால் முள் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்றுக் குறை. அவர் ரேடியேட்டரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபேன் மோட்டார், ஸ்விட்ச், பெல்ட் என்று போய்விடுவார். டவுனுக்குள் ஒன்றுமில்லை, பைபாஸில் 80-ஐத் தாண்டினால் ஏறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் குறை. அப்போதும் உடனே ரேடியேட்டரைக் கழற்றுவதில்லை. கீழ் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்வார். பழசாகித் தொளதொளத்த ஹோஸ், தண்ணீர் பம்ப் இழுக்கும் இழுப்பில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பார்த்தால் அது உருண்டையாக, சாதுவாக இருக்கும். அதனால்தான் எத்தனை முறை பானெட்டைத் திறந்து பார்த்தாலும் சிக்குவதில்லை. சில ஹோஸ்களுக்குள் கம்பிச் சுருள் வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தக் கம்பி துருப்பிடித்துக் கரைந்துபோனதை யாரும் உள்ளே கைவிட்டுப் பார்ப்பதில்லை.

அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் டீசல் அம்பாசடர், இரண்டாவது ரகம். "சமதளத்துல அறுபதுல போனா ஒண்ணும் பண்றதில்லீங்க. லோடு ஏத்துனா, மேடு வந்தா பொங்கிருது." பெரியவர் எழுந்தார். எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிட்டு அணைக்கச் சொன்னார். முன் கிரில்லுக்குள் கையை நுழைத்து, விரல்களின் பின்பக்கத்தால் கோரை மேலிருந்து கீழாகவும், ஓரத்திலிருந்து ஓரத்துக்கும் தடவிக்கொண்டே வந்தார். வலது பக்கம் கீழே வந்ததும் கை நின்றது. என் கையையும் வைக்கச் சொன்னார். மேலே தொட முடியாத சூடு. ஒரு சாண் கீழே, காலைத் தரை மாதிரிக் குளிர்ச்சி. தண்ணீர் அங்கே போகவே இல்லை. "பாதிப் பொட்டிதானுங்க வேலை செய்யுது. சும்மா ஓடறதுக்கு அது போதும். மேட்டுக்குப் பத்தாது."

கழற்றிப் பிரித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மேல் டேங்கின் ஓரம் முழுக்க கேஸ் சுடரை ஓடவிட்டார். ஒரே இடத்தில் நிறுத்தினால் பக்கத்து ஒட்டெல்லாம் கழன்றுகொள்ளும் என்பதால் சுடர் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஈயம் பளபளத்து உருகியதும் கம்பி பிரஷ்ஷால் வழித்து, இடுக்கியால் டேங்கைத் தூக்கினார். உள்ளே வரிசை வரிசையாக டியூப் வாய்கள். தட்டையானவை, ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானின் அகலம்கூட இல்லை. இடதுபக்கத்து வாய்கள் திறந்திருந்தன. வலதுபக்கம் பழுப்பும் வெள்ளையுமாகச் சுண்ணாம்பு அடைத்து, எங்கே டியூப், எங்கே தகடு என்றே தெரியவில்லை.

டியூபின் அகலத்துக்குத் தீட்டிய மெல்லிய எஃகுப் பட்டைதான் ஆயுதம். ஒவ்வொரு வாயிலும் அதை விட்டுக் கீழே வரை குத்திக்கொண்டு போகவேண்டும். டியூபின் சுவர் அரை மில்லிமீட்டரில் பாதிகூடக் கிடையாது. கை அவசரப்பட்டால் பட்டை பக்கவாட்டில் கிழித்துவிடும். பெரியவர் தள்ளுகிறார், இடிக்கிறது, நிறுத்துகிறார், இழுக்கிறார், கொஞ்சம் தண்ணீர் விடுகிறார், மறுபடி தள்ளுகிறார். அடைப்பு உடையும்போது கீழ்ப்பக்கம் மாவு மாவாகக் கொட்டுகிறது. மதியம் வரை இதே வேலை. அரித்துப்போய், குத்தினால் தாங்காத டியூப்களை மட்டும் இரண்டு வாயிலும் ஈயம் வைத்து அடைத்துவிட்டார். "பத்துல ஒண்ணுக்கு மேல அடைக்க வேண்டி வந்தா வேற கோர் போடச் சொல்லிருவேனுங்க. அடைச்சு அடைச்சுக் குடுத்தா ஒழுகாது, ஆனா ஆறவும் ஆறாது." ஒழுகலை நிறுத்தினால் போதும் என்று பணம் வாங்கிக்கொள்ளும் பட்டறைகளும் உண்டு. அவற்றிலிருந்து வெளியே போகும் வண்டிகள் மறு சீசனில் இவரிடம் வருகின்றன.

பற்ற வைப்பதற்கு முன்னால் பித்தளையின் முகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கான ஆசிட்டைக் கடையில் வாங்குவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செத்துப்போன டார்ச் பேட்டரியின் ஓட்டை, அதாவது துத்தநாகத்தை, வெட்டிப் போடுகிறார்கள். நுரைத்துப் பொங்கி, போட்ட துண்டு கரையாமல் மிஞ்சும்போது ஆசிட் தயார். சூட்டுக்கோலின் மூக்கை நவச்சாரக் கட்டியில் தேய்த்தால் வெள்ளைப் புகை எழுகிறது, கூடவே இருமலும். ஈயக்குச்சியில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். புதுக்குச்சி வந்தால் பெரியவர் காதருகே வைத்து வளைத்துப் பார்ப்பார். வெள்ளீயம் தாராளமாக இருந்தால் நொறநொறவென்று மெல்லிய சத்தம் வரும். சத்தமில்லாமல் வளைந்தால், விலை மலிவான காரீயத்தைக் கூடக் கலந்திருக்கிறான் என்று கடைக்காரனுக்குப் போன் போகும்.

டேங்கைத் திரும்ப வைத்து ஒட்டியபின் வாய்களை ரப்பர் கட்டைகளால் அடைத்து, ரேடியேட்டரைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, அளவாகக் காற்று ஏற்றினார்கள். ஒரு மூலையில் ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பின. வெளியே எடுத்தார், துடைத்தார், ஒட்டினார், மறுபடி அமுக்கினார். குமிழ் இல்லை.

இந்தச் சுண்ணாம்பெல்லாம் எங்கிருந்து வந்தது? கோவைக்காரர்களிடம் கேட்கவே வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் குடித்தவர்களுக்கு மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர். போர்த்தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, சூடேறும்போது பிரிந்து படிகிறது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மேலும் மேலும் ஊற்றும்போது உப்பு மட்டும் உள்ளேயே சேர்ந்துகொண்டு போகிறது. ஒழுகுகிற ரேடியேட்டருக்குத் தினம் ஒரு செம்பு ஊற்றி ஓட்டுகிறவர் உண்மையில் தினம் ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு போட்டு வருகிறார். போதாததற்கு, வழியில் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டும் வைத்தியம். அது ஓட்டையை அடைக்கத்தான் செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் எது ஓட்டை, எது டியூப் என்று மஞ்சளுக்குத் தெரியாது.

"இனிமே கூலண்ட் ஊத்துங்க, டிஸ்டில்ட் வாட்டர்ல கலந்து" என்றார் பெரியவர். இந்த வெயிலில் உறைபனிக்கான சாமான் நமக்கு எதற்கு என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இங்கே அதன் வேலை துருவையும் அரிப்பையும் தடுப்பது. கொதிநிலையை ஏற்றிக் கொடுப்பது கூடுதல் லாபம். தோட்டக்காரருக்கு மனசு ஒப்பவில்லை.

"நாங்க குடிக்கறதுக்கே கேன் தண்ணி வாங்கறமுங்க. இதுக்குமா?"

"போர்த்தண்ணிய நீங்க குடிக்க மாட்டீங்க. அம்பாசடரு மட்டும் குடிக்கோணுமா?"

தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் எனக்கும் பட்டறைக்கும் முழு உடன்பாடு இல்லை. மெழுகு அடைத்த இந்தச் சின்ன வால்வு, 80 சொச்சம் டிகிரி வரும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் பிடித்து, எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குகிறது. மெழுகு கெட்டு மூடிய நிலையில் சிக்கினால், வண்டி எடுத்த சில நிமிஷத்திலேயே முள் சிவப்புக்குப் போகும். அந்தப் பயத்தில் நம் ஊர் மெக்கானிக்குகள் அதை நிரந்தரமாகக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிய வண்டி ஒழுங்கான சூட்டுக்கு வராமல் டீசலைக் குடிக்கும், ஆயில் கெடும். சில எஞ்சின்களில் அது இருந்தால்தான் பைபாஸ் வழி மூடும். இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே சுற்றிக்கொண்டிருக்கும். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேலை செய்யாத தெர்மோஸ்டாட்டுக்கு இல்லாத தெர்மோஸ்டாட் தேவலைங்க" என்றார். ஆனால் அவர் கழற்றி வீசுவதில்லை. டீ அடுப்பில் சட்டி வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, திறக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

திருப்பூரிலிருந்து வந்த மாருதி 800-இன் கதை வேறு. ரேடியேட்டர் புதுசு, பம்ப் புதுசு, ஃபேன் மோட்டார் புதுசு. ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒவ்வொன்றை மாற்றியிருந்தார். "எப்பங்க சூடாகுது?" என்றதற்கு, "எப்பன்னு இல்லீங்ணா, தண்ணி எங்கயும் ஒழுகல, ஆனா குறையுது" என்றார் அந்த இளைஞர். எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யச் சொன்னார் பெரியவர். சில வினாடிகளில் தண்ணீருக்குள் குமிழ்கள் விடாமல் வரத் தொடங்கின. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் தண்ணீர் துள்ளி வெளியே விழுந்தது. சிலிண்டருக்குள் எரிகிற வாயு ஹெட் கேஸ்கெட்டைத் தாண்டி ரேடியேட்டருக்கு வருகிறது.

இது எஞ்சின் மெக்கானிக்கின் வேலை. அம்பாசடரின் வார்ப்பிரும்பு ஹெட் ஒன்றிரண்டு முறை கொதித்தாலும் பொறுத்துக்கொள்ளும். மாருதியின் அலுமினிய ஹெட் சூட்டில் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரிகிறது; மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே கேஸ்கெட் பிடிக்காது. லேத்தில் கொடுத்து முகம் சீவவேண்டும். முள் சிவப்பைத் தொட்ட பிறகும் "பக்கத்துலதான், போயிரலாம்" என்று ஓட்டிய அந்த இரண்டு கிலோமீட்டருக்குத்தான் இந்தச் செலவு. பெரியவர் பார்த்ததற்கு இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். வாங்கத்தான் வேண்டும். அவருடைய தொழிலில் பாதி, ரேடியேட்டர் மேல் தப்பில்லை என்று சொல்வதில்தான் இருக்கிறது.

பட்டறையில் எனக்குப் பிடிக்காத ஒன்று, சாப்பாட்டுத் தூக்கு இருக்கும் இடம். ஈயப் பொடி படிந்த அதே மேசை. காரீயப் புகையும் தூளும் மூச்சிலும் சோற்றிலும் உள்ளே போய் ரத்தத்தில் சேரும். சட்டையோடு வீட்டுக்கும் போகும், குழந்தைகளுக்குத்தான் அதிகக் கேடு. முகமூடி ஒன்றும் கிடையாது. சோப்புத் தூள் போட்டுக் கை கழுவுகிறார்கள். பெரியவரின் மச்சான் மகன் மட்டும் தூக்கை வெளியே பைக்கில் மாட்டிவைத்துக்கொள்கிறான்.

அவன் கற்பதும் வேறு தொழில். இப்போது வரும் ரேடியேட்டர்கள் அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க். ஈயம் ஒட்டாது. டேங்கைச் சுற்றி மடக்கிய அலுமினியப் பற்களை நிமிர்த்தி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மாற்றி, மறுபடி மடக்குவதோடு சரி. இரண்டு மூன்று முறை மடக்கினால் பல் முறிந்துவிடும், பிளாஸ்டிக்கில் கீறல் விட்டால் டேங்கையே மாற்றவேண்டும். பழைய அம்பாசடருக்கும் ஜீப்புக்கும்கூட இப்போது அலுமினியம் போடுகிறார்கள். லேசு, விலையும் குறைவு, நன்றாகவே ஆற்றுகிறது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கழற்றிய பழைய ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். "அது வேஸ்ட்டுங்க, இங்கயே போட்டுட்டுப் போங்க" என்று மெக்கானிக் சொன்னால் சிரித்துக்கொண்டே டிக்கியில் ஏற்றிக்கொள்ளுங்கள். எடைக்குப் போட்டாலே புது மூடிக்கும் கூலண்டுக்கும் காசு தேறும்.