பசிக்குப் பூட்டு!

மதத்தின் பெயரால் பட்டினி கிடப்பவரைக் கண்டால் பகுத்தறிவாளர் செய்ய வேண்டுவது என்ன? எள்ளி நகையாட வேண்டும் என்பர் சிலர். ஏதும் பேசாது ஒதுங்க வேண்டும் என்பர் வேறு சிலர். 2023 ஏப்ரலில், ரமலான் மாதத்தில், துனிஸ் நகரில் சில நாள் தங்கிய நமக்கு இரண்டும் போதாத விடைகளாகவே தோன்றின.

துனிஸ், வட ஆப்பிரிக்க நாடான துனீசியாவின் தலைநகர். அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் வீழ்கின்றன என்று காரணம் தேடிய பேரறிஞர் இப்னு கல்தூன் 1332-இல் பிறந்த ஊர். அவர் சிலை நகரின் பெருஞ்சாலையிலே நிற்கிறது.

நண்பகலில் அச்சாலையிலே நடந்தோம். காப்பிக் கடைகள் பல மூடிக் கிடந்தன. திறந்திருந்த சிலவற்றின் கண்ணாடிகளிலே செய்தித்தாள்களை ஒட்டியிருந்தனர். ஒன்றினுள் நுழைந்தோம். காப்பி மணம்! சிகரெட்டுப் புகை! மாணவரும் உழைப்பாளரும் முதியோரும் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்தனர். ஊருக்குச் செய்தி சொல்ல அச்சிட்ட தாள், இங்கே ஊரிடமிருந்து ஒரு செய்தியை மறைத்துக்கொண்டிருந்தது!

காப்பி கொணர்ந்த பெரியவரைப் பார்த்தோம். உதடு உலர்ந்திருந்தது. "தாங்கள் நோன்போ?" என்று நமக்குத் தெரிந்த பிரெஞ்சு மொழியிலே கேட்டோம். "ஆம்" என்றார். "பிறருக்குப் பரிமாறுவது மனத்தை உறுத்தவில்லையா?" என்றோம். "என் நோன்பு என்னுடையது, ஐயா. இவர்களுடைய தாகத்துக்கு நான் காவற்காரன் அல்லேனே!" என்று கூறி அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

எளிய மனிதரின் இவ்வறிவு ஆள்வோர்க்கு எளிதில் வாய்ப்பதில்லை.

1956-இல் பலதார மணத்தைச் சட்டத்தால் ஒழிக்கச் செய்தவர் ஹபீப் பூர்கிபா. அவரே 1960-இல், வறுமையை எதிர்த்து நாடு போர் புரிகிறது, போர்வீரனுக்கு நோன்பிலிருந்து விலக்கு உண்டெனில் உழைப்பாளிக்கும் உண்டு என்று வாதிட்டார். கூர்மையான வாதந்தான். எனினும் மக்களிற் பெரும்பாலோர் நோன்பை விடவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்த அறிவுரை, அடுப்படியிலே வேர்விடவில்லை.

மறுபுறம் நோக்குங்கள். நோன்பு நோற்றே ஆகவேண்டும் என்ற சட்டம் அங்கு இல்லை. 2014-ஆம் ஆண்டு அரசியலமைப்பு மனச்சான்றின் உரிமையை ஏற்றது. ஆயினும் 2017 ஜூனில், பிசெர்த்தே நகரத்துப் பூங்காவிலே பகலில் உண்டும் புகைத்தும் இருந்த நால்வருக்கு, பொது ஒழுக்கத்தைக் கெடுத்தனர் எனக் கூறி, ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது நீதிமன்றம். உண்டது குற்றமாம்! திருடி உண்டாரா? பிறர் வாயிலிருந்து பறித்து உண்டாரா? இல்லை, திறந்த வெளியிலே உண்டனர், அவ்வளவே. துனிஸ் இளைஞர் பொறுக்கவில்லை. "வற்புறுத்தாதே" என முழங்கித் தெருவிலே திரண்டனர்.

மாலையில், பழைய நகரிலே நாம் தங்கியிருந்த வீட்டார் நம்மை உணவுக்கு அழைத்தனர். ஏறத்தாழ 14 மணி நேரம் நீரும் அருந்தாதிருந்தவர்கள். பேரீச்சம்பழமும், சூடான சூப்பும், மெல்லிய மாவுத்தாளில் முட்டையைப் பொதிந்து பொரித்த 'பிரிக்'கும் காத்திருந்தன. பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுந்தது. நாம் நோன்பு நோற்றவரல்லர் என்பதை அவர்கள் அறிவர். எனினும் வீட்டுப் பாட்டியார் முதற் பழத்தை நம் கையிலேதான் வைத்தார்! அன்பின் அந்தக் கையை எள்ள எந்தப் பகுத்தறிவு இடங்கொடுக்கும்?

இளந்தோழர்களே! பட்டினியால் புண்ணியம் வரும் என்பதை நாம் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதை எவர் முன்னும் எடுத்துரைப்போம். ஆனால் நோற்பவர் கையிலிருந்து நோன்பைப் பிடுங்குவது நம் வேலை அன்று. நோலாதவர் வாயிலே பூட்டுப் போடும் காவலையும் நீதிமன்றையும் எதிர்ப்பதே நம் வேலை. நோற்பவர் பரிமாற, நோலாதார் அஞ்சாமல் அருந்த, கண்ணாடியிலே தாள் ஒட்டத் தேவையற்ற நாள் வரவேண்டும். அந்நாளை ஆணை கொணராது. அயலாரோடு அமர்ந்து பேசும் துணிவே கொணரும்.