டெல்லி கணேஷ் என்னும் பக்கவாத்தியம்

கச்சேரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பாடகரைக் கேட்கவே போகிறார்கள். ஆயினும் நல்ல ரசிகர் என்று பெயரெடுத்தவர், பல்லவி விஸ்தாரமாகிக்கொண்டிருக்கும்போதே, பாடகரின் மனோதர்மம் எந்தத் திசையில் செல்லப்போகிறது என்பதை அரைக்கணம் முன்னதாகவே உணர்ந்தவர்போல வாசித்தும், வேண்டிய இடத்தில் விரலை நிறுத்தி மௌனம் காத்தும் கச்சேரியைத் தாங்கிச் செல்கிற மிருதங்க வித்துவான் மீதும் ஒரு காதை வைத்திருப்பார். சினிமாவுக்கும் இப்படிப்பட்ட பக்கவாத்தியம் உண்டு என்பதையும், அதைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட பிறகே சினிமா பார்ப்பது பூரணமாகிறது என்பதையும் எனக்கு உணர்த்தியவர் டெல்லி கணேஷ்.

தாமிரபரணிக் கரைச் சீமையைச் சேர்ந்த வல்லநாட்டில் 1944ஆம் ஆண்டு பிறந்த கணேசன், இருபது வயதில் இந்திய விமானப் படையில் சேர்ந்து, 1964 முதல் 1974 வரை பத்து வருஷ காலம் அங்கே உத்தியோகம் பார்த்தார். டெல்லியில் வாழ்ந்த தமிழர்கள், அலுவலக நேரம் போக மிச்சப்பட்ட மாலைப் பொழுதுகளில் ஒத்திகை பார்த்து, ஊதியத்தை எதிர்பாராமல் மேடையேறி வந்த தட்சிண பாரத நாடக சபா என்ற அமைப்பில்தான் அவருடைய நடிப்புக் கலை வளர்ந்தது. சொந்த ஊரிலிருந்து வெகு தூரம் வந்து, வேறு பாஷை வழங்குகிற நகரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தாய்மொழியில் ஒரு நாடகம் போடுவது வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. அந்த ஆர்வமும் படை வாழ்வின் கட்டுப்பாடும் ஒருவரிடத்திலேயே சேர்ந்ததால் உருவான நடிகர் அவர் என்றே நான் எண்ணுகிறேன். கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில், குறைவறச் செய்து முடிப்பது அவருடைய நடிப்பிலும் ஒரு குணமாகவே இருந்தது.

உத்தியோகத்தை விட்டுச் சென்னைக்கு வந்தவருக்குக் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் இடம் கிடைத்தது. விசு எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகம் கே. பாலசந்தரின் கவனத்தைக் கவர்ந்து, 1977இல் அது திரைப்படமாக வெளிவந்தபோது அவரும் சினிமாவுக்கு வந்து சேர்ந்தார். 'டெல்லி கணேஷ்' என்ற பெயரும் பாலசந்தர் சூட்டியதுதான். சபா நாடகங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த மேடை என்ன கற்பிக்கும் என்பது தெரியும். எதிரே இருக்கிற ஜனங்களின் சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். உடன் நடிப்பவர் ஒரு வரியை மறந்துவிட்டால் கதை சிதறாதபடி அதைத் தம் வாக்கியத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர் பேசும்போது உண்மையாகவே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தம் முறை வருவதற்காகக் காத்திருப்பவர் முகத்துக்கும், பேச்சைக் கேட்கிறவர் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காமிரா தயவு தாட்சண்யமின்றிக் காட்டிவிடும். டெல்லி கணேஷ் கேட்கத் தெரிந்த நடிகர்.

திரைக்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, துரை இயக்கிய 'பசி' வந்தது. ஷோபாவுக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்த அந்தப் படத்தில் அவர் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற ஏழைத் தகப்பன். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, விமானப் படையில் பணிபுரிந்து, நடுத்தர வகுப்பாரின் நாடகங்களில் நடித்துத் தேறிய ஒருவர், சென்னையின் குடிசைப் பகுதி மனிதனாக உருமாறி, அந்த மனிதனின் பாஷையையும் இயலாமையையும் பாசத்தையும் தம்முடையனவாக்கிக்கொண்டதைப் பார்த்தவர்கள், வறுமையை வேஷமாகப் போடுவதற்கும் அதை உள்வாங்கி வாழ்ந்து காட்டுவதற்கும் உள்ள தூரத்தை அறிந்திருப்பார்கள். தமிழக அரசின் சிறப்புப் பரிசு அந்த நடிப்புக்காக அவருக்கு வழங்கப்பட்டது.

ஆனால் அவருடைய கலையின் சுபாவத்தை முழுமையாக விளக்குகிற படம் எது என்று என்னைக் கேட்டால், 1985இல் வெளிவந்த 'சிந்து பைரவி'யையே சொல்வேன். சிவகுமார் ஏற்ற ஜே.கே.பி. என்ற சங்கீத வித்துவானுக்கு மிருதங்கம் வாசிக்கிற குருமூர்த்தியாக, நிஜமாகவே ஒரு பக்கவாத்தியக்காரராக, அவர் அதில் தோன்றுகிறார். குடிப் பழக்கத்தால் வித்துவானின் கோபத்துக்கு ஆளாகி, மேடையை இழக்கிற அந்தக் குருமூர்த்தி, பிற்பாடு அதே வித்துவான் குடியில் வீழ்வதைக் காண நேர்கிறது. தன்னைத் தண்டித்தவரின் வீழ்ச்சியில் திருப்தி கொள்கிற அற்பத்தனம் துளியும் இல்லாமல், மகா கலைஞன் ஒருவன் பாழாகிறானே என்ற வேதனை மட்டுமே தெரியும்படி அவர் அந்தப் பாத்திரத்தை நடத்திச் சென்றார். கதாநாயகனின் வீழ்ச்சி எவ்வளவு பெரியது என்பதை நமக்கு அளந்து காட்டுவது பக்கத்தில் நிற்கிறவரின் முகமே.

கமலஹாசனோடு அவர் சேர்ந்து நடித்த படங்கள் இந்தத் தன்மைக்கு நிறைந்த உதாரணங்கள். மணிரத்னத்தின் 'நாயகன்' 1987இல் வந்தது. ஹிந்தி அறியாத வேலு நாயக்கருக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற ஐயராக, தலைவனின் நிழலில் வாழ்கிற மனிதனின் பயத்தையும் பக்தியையும் ஒருங்கே காட்டினார். இரண்டு வருஷம் கழித்து 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் நான்கு வில்லன்களில் ஒருவராக வந்தார். 1990இல் வெளியான 'மைக்கேல் மதன காமராஜ'னில் சமையற்காரக் காமேஸ்வரனை வளர்த்த பாலக்காடு மணி ஐயர். 1996இல் வெளியான 'அவ்வை சண்முகி'யில் சேதுராம ஐயர். பாலக்காட்டுத் தமிழ் பேசும் அந்த மணி ஐயரைத் திரும்பத் திரும்பப் பார்க்கையில், கமலஹாசனின் ஹாஸ்யம் பாதியளவு அதை எதிர்கொள்கிற இவருடைய பொறுமையான முகத்தில்தான் விளைகிறது என்பது எனக்குத் தெளிவாயிற்று. நகைச்சுவைக்கு வேண்டிய காலப் பிரமாணம் ஒருவரால் மட்டும் உண்டாவதில்லை. பந்தை எறிகிறவர் எத்தனை சமர்த்தராயினும், பிடிக்கிறவர் தவறவிட்டால் ஆட்டம் இல்லை.

கதாநாயகனாகும் விருப்பம் எந்த நடிகருக்கும் இயல்பு. 1981இல் 'எங்கம்மா மகாராணி'யில் அந்த வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. ஆயினும் அதே வருஷம் வெளிவந்த '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்காகப் பின்னணிக் குரல் கொடுத்தவரும் அவரே என்பதை நினைக்கும்போது, தம் முகமே தெரியாத இடத்திலும் இன்னொருவரின் பாத்திரம் உயிர் பெறுவதற்குத் தம் குரலைத் தந்து ஒதுங்கி நின்ற அந்தக் காரியம்தான் அவருடைய கலை வாழ்வின் அடையாளமாக எனக்குப் படுகிறது.

சினிமாவில் நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர், தொலைக்காட்சியைத் தாழ்ந்த இடமாகக் கருதவில்லை. 'மர்மதேசம்' போன்ற தொடர்களில் அவரைப் பார்த்தவர்கள், சின்னத்திரைக்கு வேண்டிய அளவு தெரிந்து அவர் நடித்ததைக் கவனித்திருக்கலாம். கொட்டகையில் ஆயிரம் பேர் நடுவே பார்க்கப்படுகிற முகம் வேறு. சாப்பாட்டு வேளையில், வீட்டுக் கூடத்தில், குடும்பத்தார் நடுவே வந்து உட்காருகிற முகம் வேறு. தொடர்களில் வசனம் அன்றைக்கே எழுதப்பட்டு அன்றைக்கே படமாவதும் உண்டு. அந்த அவசரத்தில் பல நடிகர்கள் உரத்துப் பேசியே ஒப்பேற்றிவிடுவார்கள். இவரோ அண்டை வீட்டுப் பெரியவர் பேசுவதுபோலத் தணிந்து பேசினார். வயது ஏறிய பின்பும், குறும்படம் எடுக்க வந்த இளைஞர்களுக்கு முகம் சுளிக்காமல் நடித்துக் கொடுத்தார். 1994இல் கலைமாமணி விருது பெற்றவர் என்ற கௌரவம் எதற்கும் தடையாக வந்து நிற்கவில்லை.

2024ஆம் ஆண்டு 'இந்தியன் 2' வெளிவந்த சில மாதங்களில், நவம்பர் 9ஆம் தேதி, சென்னையில் தம் இல்லத்தில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது எண்பது. தங்களில் ஒருவராக இருந்தவருக்கு விமானப் படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். ரசிகர்களோ அவர் பேசிய வசனங்களை ஒருவருக்கொருவர் நினைவுபடுத்திக்கொண்டார்கள். அவரவர் மனத்தில் தங்கியிருந்த பாத்திரம் வேறு வேறாக இருந்ததே அவருக்குக் கிடைத்த பெரிய கீர்த்தி.

கதாநாயகர்களைப் பற்றி நம்மிடம் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் பக்கத்தில் நின்று அந்தப் படங்களைத் தாங்கியவர்களைப் பற்றி அதிகமாக எழுதப்படவில்லை. டி.எஸ். பாலையா, எஸ்.வி. சுப்பையா, பூர்ணம் விஸ்வநாதன் என்று நீளுகிற அந்தப் பரம்பரையின் நடிப்பு முறைகளை ஆராய்ந்து எழுத வேண்டியது நம் தலைமுறையின் கடமை. இன்று நம்மிடையே உள்ள குணசித்திர நடிகர்களின் அனுபவங்களை, அவர்கள் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்ய வேண்டுமென்று பத்திரிகையாளர்களையும் நாடக, சினிமா மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒருவருக்கே உரிய பெருமையும் உண்டு. பலரோடு சேர்ந்து உண்டாக்குகிற பெருமையும் உண்டு. டெல்லி கணேஷ் இரண்டாவது வகைப் பெருமைக்குத் தமிழ்த் திரையில் முதல் வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர்.